ஊர் திரும்பியவனை எப்படிப் படிப்பது: தாயெப் சாலிஹின் சூடான் நாவலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவனின் கதை ஆப்பிரிக்க நாவலுக்குப் புதிதல்ல. 1950களின் இறுதியிலும் 1960களிலும் அந்தக் கண்டத்தின் நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்த காலத்தில், லண்டனிலும் பாரிஸிலும் படித்தவர்கள் பலர் நாவல் எழுத வந்தார்கள். அவர்களுடைய கதைகளில் கப்பலிலிருந்தோ விமானத்திலிருந்தோ பெட்டியோடு இறங்குகிற ஒருவனை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவன் ஊரைக் கண்டு ஏமாந்துபோகிறான், அல்லது ஊர் அவனைக் கண்டு ஏமாந்துபோகிறது. சூடான் எழுத்தாளர் தாயெப் சாலிஹ் 1966இல் அரபியில் வெளியிட்ட ‘மவ்சிமுல் ஹிஜ்ரா இலஷ் ஷிமால்’ இந்த வகைக் கதைகளிலேயே படிக்க மிகவும் கடினமானது என்று நான் கருதுகிறேன். அதில் ஊர் திரும்பியவன் ஏமாறவில்லை, மனநிறைவோடுதான் வந்து சேர்கிறான். அந்த மனநிறைவைத்தான் நாவல் கடைசிப் பக்கம்வரை விசாரணை செய்கிறது.

நாவல் சிறியது, ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். ஆனால் ஒருமுறை படித்தால் முஸ்தபா சயீத் என்ற மனிதனின் லண்டன் வாழ்க்கை மட்டுமே நினைவில் தங்கும்; மற்ற பாதி நழுவிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. எனவே இந்த வழிகாட்டி இரண்டு வாசிப்புகளுக்கானது. கதை முழுவதையும் வெளிப்படையாகப் பேசப்போகிறேன். திருப்பங்களைத் தாமாகவே கண்டுகொள்ள விரும்புகிறவர்கள் நாவலை ஒருமுறை முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது.

முதல் படி: தலைப்பில் நின்று தொடங்குங்கள்

‘மவ்சிம்’ என்றால் பருவம். அந்த அரபுச் சொல்தான் போர்ச்சுகீசியர் வாய்வழியாக ‘மான்சூன்’ ஆனது. ‘ஹிஜ்ரா’ என்பது புலம்பெயர்வு. நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதீனாவுக்குச் சென்ற பயணத்தின் பெயரும் அதுவே. அங்கிருந்துதான் ஹிஜ்ரி ஆண்டு எண்ணப்படுகிறது என்பது தமிழ் முஸ்லிம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ‘ஷிமால்’ வடக்கு. ஆனால் பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதையும் அரபியில் ஹிஜ்ரா என்றே சொல்கிறார்கள். இந்த இரட்டைப் பொருளைத் தாங்க ஆங்கிலத்தைவிடத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: வலசை. பறவைகளும் வலசை போகின்றன. பஞ்சத்திலும் போரிலும் ஊரோடு கிளம்பிய மனிதர்களும் வலசை போனார்கள். ‘வடக்கு நோக்கிய வலசைப் பருவம்’ என்று தலைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு கேள்விகள் தாமாக எழும். பருவம் என்று ஒன்று இருந்தால் அது முடியவும் வேண்டுமே, முடிந்ததா? வலசை போன பறவை திரும்பும், மனிதன் திரும்புவானா? இந்தக் கேள்விகளைப் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் கடைசிப் பக்கத்தில் வானத்தில் பறவைக் கூட்டம் ஒன்று வடக்கே போகும்.

இரண்டாம் படி: தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1929இல் வட சூடானில் நைல் கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சூடான் தலைநகர் கார்ட்டூமிலும் லண்டனிலும் படித்தார், பிபிசியின் அரபுச் சேவையில் வேலை பார்த்தார், பிறகு கத்தாரின் தகவல் அமைச்சகத்திலும் யுனெஸ்கோவிலும் பணியாற்றினார், 2009இல் லண்டனில் இறந்தார். ஊர் திரும்புதலை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஊருக்கு வெளியே கழித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாவலின் கதைசொல்லியை அவராகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாவல் முதலில் வெளிவந்தது பெய்ரூட்டிலிருந்து வந்த ‘ஹிவார்’ இதழில். அந்த இதழுக்கு ஆதரவளித்த பன்னாட்டு அமைப்புக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பணம் வந்துகொண்டிருந்தது அதே 1960களின் நடுப்பகுதியில் அம்பலமானது. ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற பொய்களைப் பற்றிய ஒரு நாவல் இப்படியொரு மேடையில் அரங்கேறியது என்ற வேடிக்கையைக் கடந்து போக மனம் வரவில்லை.

இனி நாவலுக்குள் வரும் தேதிகளுக்கு வருவோம். கதைசொல்லியின் கையில் ஒரு கட்டத்தில் முஸ்தபா சயீதின் ஆவணங்கள் கிடைக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் 1898 ஆகஸ்ட் 16, கார்ட்டூம் என்றிருக்கிறது. படிக்கிறவர் அவசரத்தில் தாண்டிப்போகக்கூடிய வரி அது. ஒரு தாளை எடுத்து அதன் முன்னும் பின்னும் இரண்டு வரலாற்றுத் தேதிகளை எழுதிப் பாருங்கள். 1898 ஏப்ரல் 8 அன்று பிரிட்டிஷ் தளபதி கிட்சனரின் ஆங்கில-எகிப்தியப் படை அட்பாராவில், அப்போது சூடானை ஆண்டுகொண்டிருந்த மஹ்தி அரசின் தளபதி மஹ்மூத் வத் அகமதைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தது. செப்டம்பர் 2 அன்று அதே படை ஓம்டுர்மானில் மஹ்தி அரசை முடித்துவைத்தது. சூடானியர் தரப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள், எதிர்த்தரப்பில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. முஸ்தபா பிறந்த நாளுக்கும் ஓம்டுர்மானுக்கும் இடையில் 17 நாட்கள். அதாவது, பழைய நாடு அழிந்துகொண்டிருக்க, புதிய ஆட்சி இன்னும் வந்துசேராத இடைவெளியில் பிறந்த குழந்தை அவன். நாவல் இதை விளக்காது, தேதியை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும்.

அந்த ஆவணங்களில் இன்னொரு சிறு விவரம் இருக்கிறது. ஒரு கடவுச்சீட்டு 1916இல் கெய்ரோவில் வழங்கப்பட்டு 1926இல் லண்டனில் புதுப்பிக்கப்பட்டது. மற்றொன்று 1929இல் லண்டனில் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. ஒரே மனிதன், ஒரே முகம், இரண்டு அடையாளங்கள். அடையாளச் சிக்கல் என்று கோட்பாட்டு நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இந்த இரண்டு சிறு புத்தகங்கள் ஒரு மேசைமேல் கிடப்பதைக் காட்டியே சாலிஹ் சொல்லிவிடுகிறார். மூன்றாவதாக, 1956 ஜனவரி 1: சூடான் விடுதலை பெற்ற நாள். கதைசொல்லி பிற்பாடு கார்ட்டூமில் கல்வித் துறையில் பார்க்கும் வேலை அந்தப் புதிய நாட்டுக்கானது.

மூன்றாம் படி: முதல் பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள்

அரபி மூலத்தின் முதல் சொல் ‘உத்து’. திரும்பினேன் என்று பொருள். நீண்ட காலம் விலகியிருந்து, துல்லியமாகச் சொன்னால் ஏழு ஆண்டுகள் ஐரோப்பாவில் படித்துவிட்டு, என் மக்களிடம் திரும்பினேன் பெரியோர்களே, என்கிறான் பெயரில்லாத கதைசொல்லி. அந்தப் ‘பெரியோர்களே’ முக்கியமானது. இது தனியாக எழுதும் நாட்குறிப்பு அன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் சிலரிடம் ஒருவன் கதை சொல்கிறான். அவர்கள் யார் என்று நாவல் சொல்வதில்லை. எங்கே உட்கார்ந்து, எப்போது இதைச் சொல்கிறான் என்பதும் தெரியாது. இந்தக் கேள்வியையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்; கடைசியில் தேவைப்படும்.

அடுத்து வருவது ஊர் திரும்புதலின் மிக அழகான பக்கங்களில் ஒன்று. தனக்குள் ஏதோ பனிக்கட்டி உருகுவதைப் போல உணர்கிறான். விடியலில் படுக்கையில் கிடந்தபடியே காற்றைக் கேட்கிறான். பேரீச்சை மரங்களின் ஊடே போகும் காற்றின் ஒலி வேறு, கதிர் வயலில் போகும் காற்றின் ஒலி வேறு என்பதை அவன் காது இன்னும் மறக்கவில்லை. சன்னல் வழியாக முற்றத்துப் பேரீச்சை தெரிகிறது. அதன் வேர் மண்ணில் இறங்கியிருக்கிறது, தண்டு உறுதியாக நிற்கிறது. நான் காற்றில் அலையும் இறகு அல்லன், இந்த மரத்தைப் போன்றவன், எனக்கும் வேர் உண்டு, நோக்கம் உண்டு என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான்.

இந்த இடத்தில் வாசகர் மயங்கிவிடுவது இயல்பு. சாலிஹ் மயங்கச் சொல்லித்தான் எழுதுகிறார். ஆனால் உடனே வருகிற சிறு காட்சியைத் தவறவிடாதீர்கள். ஊரார் வந்து சூழ்ந்துகொண்டு கேட்கிறார்கள். ஐரோப்பியர் நம்மைப் போன்றவர்களா, அங்கே வாழ்க்கை மலிவா, குளிர்காலத்தில் என்ன செய்கிறார்கள்? எட்டுக் கணவன்மாரைக் கண்ட, புகைக்கும் குடிக்கும் பின்த் மஜ்ஸூப் கிழவி, நீ சுன்னத் செய்யாத ஒரு காஃபிரைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாயோ என்று பயந்தோம் என்று சிரிக்கிறாள். சிற்சில வேறுபாடுகளைத் தவிர அவர்களும் நம்மைப் போன்றவர்களே என்று அவன் பதில் சொல்கிறான். அதற்கு மேல் மனத்தில் தோன்றியதை, அவர்களும் நம்மைப் போலவே பிறக்கிறார்கள், சாகிறார்கள், இடையில் கனவு காண்கிறார்கள், சில கனவுகள் பலிக்கின்றன, சில பலிப்பதில்லை என்பதையெல்லாம், அவன் சொல்லவில்லை. இளமைக்கால நண்பன் மஹ்ஜூப்பிடமாவது சொல்லியிருக்கலாம், அவன் அறிவாளி. தன் கர்வத்தினால், அவனுக்குப் புரியாது என்று நினைத்துவிட்டதாகக் கதைசொல்லியே ஒப்புக்கொள்கிறான்.

இதுதான் நாவலின் முதல் விரிசல். பேரீச்சையின் வேரைப் பற்றிப் பேசியவன், இரண்டு பக்கம் தாண்டுவதற்குள், ஊரில் படிப்பு குறைந்தவர்களுக்கு உண்மை புரியாது என்று தீர்மானித்துவிடுகிறான். ஊரை அவன் நேசிக்கிறான் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் நேசிக்கும் ஊர் பேசுவதில்லை, மாறுவதில்லை, அவனிடம் எதையும் கேட்பதில்லை. பாட்டனார் ஹாஜி அகமதின் வீட்டு வாசனை, மண்சுவர், அவர் தொழுகைப் பாயின் இருப்பு எல்லாமே அவனுக்கு நிலைத்தன்மையின் அடையாளங்கள். நாவலோ அதே நேரத்தில் மாற்றங்களைச் சத்தமில்லாமல் காட்டிக்கொண்டே போகிறது. ஏற்றச் சக்கரங்கள் இருந்த கரையில் இப்போது நீரிறைக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூறு சக்கரங்களின் வேலையைச் செய்கிறது. ஆறு ஒரு பக்கம் கரையை அரித்து இன்னொரு பக்கம் நிலம் தருகிறது. இரண்டாம் வாசிப்பில், ஊர் மாறவில்லை என்று கதைசொல்லி நினைக்கும் ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும், அதே பக்கத்தில் மாறியிருக்கும் பொருள் ஒன்றைக் குறித்துவருவது நல்ல பயிற்சி.

நான்காம் படி: முஸ்தபாவைக் கேளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

கதைசொல்லி திரும்பியபோது ஊரில் ஒரே ஒரு புதுமுகம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கிருந்தோ வந்து நிலம் வாங்கி, ஊர்ப் பெண் ஹுஸ்னா பின்த் மஹ்மூதை மணந்துகொண்டு, விவசாயத் திட்டக் குழுவில் மதிப்போடு இருக்கும் முஸ்தபா சயீத். ஒரு குடிவிருந்தில் அவன் வாயிலிருந்து பிசிறில்லாத ஆங்கிலத்தில் முதல் உலகப் போர்க் கவிதை ஒன்று வெளிப்படுகிறது. நைல் கரைக் கிராமத்து உழவன் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பெண்களின் துயரை ஆங்கிலத்தில் பாடுகிறான். கதைசொல்லி இங்கிலாந்தில் ஆங்கிலக் கவிதையைத்தான் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன். அதிர்ச்சியின் காரணம் அதுதான்: ஊரில் இந்த மொழியை அறிந்தவன் நான் ஒருவனே என்ற அவன் தனிச்சிறப்பு ஒரே இரவில் போய்விட்டது.

பிறகு முஸ்தபா தன் கதையைச் சொல்கிறான். ஆங்கிலேயர் பள்ளியில் அபாரமான மாணவன், கெய்ரோ வழியாக லண்டன், 24 வயதில் பொருளாதார விரிவுரையாளர். லண்டனில் அவன் அறை சந்தனமும் தூபமும் கண்ணாடிகளும் தந்தமும் நிறைந்த ஒரு போலி ஆப்பிரிக்கா. தன்னைத் தேடிவரும் ஆங்கிலப் பெண்களுக்கு அவர்கள் கற்பனையில் ஏற்கெனவே இருக்கும் கண்டத்தையே அவன் விற்கிறான்; இசபெல்லா சேமோர் என்ற பெண்ணிடம், சிங்கங்களும் முதலைகளும் உலவும் தெருக்களைப் பற்றிக் கூசாமல் அளக்கிறான். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவைப் போல நான் ஓர் அராபிய-ஆப்பிரிக்கன் என்கிறான். மூன்று பெண்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள். நான்காமவளான ஜீன் மாரிஸ் அவன் மனைவி. அவளை அவனே கொல்கிறான். நீதிமன்றம் ஏழு ஆண்டுச் சிறை விதிக்கிறது.

பல வாசகர்கள் இந்தப் பகுதியை ஏகாதிபத்தியத்துக்கு எதிரான பழிவாங்கலாகப் படிக்கிறார்கள். அதற்கு நாவலில் ஆதாரம் இல்லாமல் இல்லை. விசாரணையின்போது முஸ்தபாவின் மனத்தில், சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட மஹ்மூத் வத் அகமதைப் பார்த்து, என் நாட்டைப் பாழாக்கவும் கொள்ளையடிக்கவும் ஏன் வந்தாய் என்று கிட்சனர் கேட்ட காட்சி வருகிறது. வந்தேறி, நிலத்துக்கு உரியவனிடம் கேட்ட கேள்வி. நைலில் முதலில் வந்த கப்பல்கள் ரொட்டி கொண்டுவரவில்லை, துப்பாக்கி கொண்டுவந்தன; அவர்கள் மொழியில் ‘ஆம்’ என்று சொல்லக் கற்பிப்பதற்கே பள்ளிகள் தொடங்கப்பட்டன என்றும் அவன் நினைக்கிறான். காலனியக் கல்வியைப் பற்றி இதைவிடக் கூர்மையான வாக்கியங்களை நான் அதிகம் படித்ததில்லை.

ஆனால் அதே நீதிமன்றத்தில் அவன் வழக்கறிஞர், இந்தப் பெண்களைக் கொன்றது முஸ்தபா அல்லன், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொற்றிய ஒரு கிருமி என்கிற பாணியில் இரண்டு நாகரிகங்களின் மோதலாக வழக்கை மாற்றும்போது, முஸ்தபாவுக்கே அருவருப்பு வருகிறது. நான் ஒத்தெல்லோ அல்லன், ஒத்தெல்லோ ஒரு பொய், இந்தப் பொய்யைக் கொல்லுங்கள் என்று எழுந்து கத்தத் தோன்றுகிறது, கத்தவில்லை. அவனைப் புரட்சியாளனாக வாசிப்பவர்கள் அந்த வழக்கறிஞரின் இடத்தில் போய் நின்றுவிடுகிறார்கள் என்பதே என் கருத்து. இறந்த பெண்கள் அப்போது மேற்கு என்னும் ஒரு சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள். ஆங்கில நாவலாசிரியர் ஜோசஃப் கோன்ராட் 1899இல் எழுதிய காங்கோ நாவலில் ஐரோப்பியன் ஆற்றின் வழியே தெற்கே போனான், இங்கே ஆப்பிரிக்கன் வடக்கே போகிறான் என்ற ஒப்பீடும் சரியானதே. பாலஸ்தீன-அமெரிக்க விமர்சகர் எட்வர்ட் சயீத் போன்றவர்கள் அதை விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒப்பீட்டோடு நின்றால் நாவல் லண்டனிலேயே முடிந்துவிடும். நாவலின் மையம் லண்டன் அன்று, நைல் கரை.

ஐந்தாம் படி: ஹுஸ்னாவுக்காக ஒரு தனி வாசிப்பு

நான் இரண்டாம் முறை படித்தபோது ஹுஸ்னா வரும் பக்கங்களில் மட்டும் ஒரு காகிதத் துண்டைச் செருகிவைத்தேன். துண்டுகள் குறைவாகவே இருந்தன. ஆனால் அவற்றை மட்டும் தொடர்ந்து படித்தபோது வேறொரு நாவல் கிடைத்தது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நைல் வெள்ளத்தில் ஒருநாள் முஸ்தபா காணாமல் போகிறான். மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்கிறது. மனைவியையும் இரண்டு மகன்களையும் சொத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கதைசொல்லியிடம் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். கதைசொல்லி கார்ட்டூமில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைகளில் ஊருக்கு வந்துபோகிறான். ஒருமுறை அப்படி வந்திருந்தபோது பாட்டனார் வீட்டில் கிழவர்கள் கூடிப் பேசுகிறார்கள். எழுபதைத் தாண்டிய வத் ரய்யிஸ் தான் கண்ட பெண்களைப் பற்றிப் பேசுகிறான், பின்த் மஜ்ஸூப் தன் கணவன்மாரைப் பற்றிப் பேசுகிறாள். பச்சையான பேச்சு, உண்மையிலேயே சிரிப்பு வரும். கதைசொல்லியும் சிரிக்கிறான், வாசகரும் சிரிக்கிறார். ஊர் என்ற அந்த இதமான உலகத்தின் உச்சம் இந்தக் காட்சி. அங்கிருந்து சில பக்கங்களில், வத் ரய்யிஸின் கண் விதவையான ஹுஸ்னாவின் மேல் விழுந்திருப்பது தெரியவருகிறது. அப்போது நாம் எதற்குச் சிரித்தோம் என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹுஸ்னா மறுக்கிறாள். அவளுடைய காப்பாளன் என்ற முறையில் கதைசொல்லி அவளிடம் போய்ப் பேசுகிறான். மாலை மங்கி இருட்டிவிட்ட நேரம். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. என்னைக் கட்டாயப்படுத்தினால் அவனைக் கொன்றுவிட்டு நானும் செத்துவிடுவேன் என்கிறாள். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதப் பிறவி பேச முடியாது. கதைசொல்லி கேட்டுக்கொள்கிறான், பிறகு கார்ட்டூமுக்குப் போய்விடுகிறான். தன்னைப் பெயருக்கு மணந்துகொண்டால் போதும், மகன்களோடு நிம்மதியாக இருந்துவிடுவேன் என்று அவள் அவன் வீட்டாரிடமே வந்து கேட்டிருக்கிறாள் என்பதைப் பிற்பாடு தாயின் வாயிலிருந்து கேட்கிறான். வெட்கங்கெட்டவள் என்ற வசையோடு.

திருமணம் நடக்கிறது. தான் சொன்னதை ஹுஸ்னா செய்கிறாள்.

கதைசொல்லி ஓடிவருகிறான். ஊரில் யாரும் வாய்திறப்பதில்லை. நடந்ததைச் சொல்ல பின்த் மஜ்ஸூப்புக்கே ஒரு பாட்டில் விஸ்கி தேவைப்படுகிறது. எல்லோரும் மிரண்டு நிற்க, வத் ரய்யிஸின் மூத்த மனைவி மப்ரூகா மட்டும், அவன் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டான், பின்த் மஹ்மூத் கணக்கைத் தீர்த்துவிட்டாள் என்று குலவையிடுகிறாள். சாவு வீட்டில் எழும் அந்தக் குலவை நாவல் முழுவதிலும் என் காதில் நிற்கும் ஒலி. ஊரின் ஒரே குரல் என்று கதைசொல்லி நினைத்துக்கொண்டிருந்தது ஆண்களின் குரலை மட்டுமே; அதற்கு அடியில் இன்னொரு ஊர் இருந்திருக்கிறது.

இப்போது முதல் பக்கத்துப் பேரீச்சைக்குத் திரும்பிப் போங்கள். வேர் இருப்பதாக நம்பியவனிடம் ஊர் முதன்முறையாக ஒன்றைக் கேட்டது. கேட்டது ஊரின் பஞ்சாயத்து அன்று, ஊரில் பேச உரிமை மிகக் குறைந்த ஒரு பெண். அவன் திரும்பி வந்தவனா, வெறும் விருந்தாளியா என்பது அந்த மாலையில்தான் சோதிக்கப்பட்டது. முஸ்தபா லண்டனில் பெண்களை அழித்தான் என்றால், ஊரின் மரபும் கதைசொல்லியின் மௌனமும் சேர்ந்து இங்கே ஒருத்தியை அழித்தன. காலனியத்தின் வன்முறையை விவரித்த அதே கை, சொந்த ஊரின் வன்முறையை மறைக்க மறுத்தது. நாவலின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. தேசத்தின் கண்ணியம், ஊரின் மானம் என்று பேசும் திரும்புதல் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்ளும்.

மஹ்ஜூப்போடு நடக்கும் சண்டையை இதனோடு சேர்த்துப் படிக்கலாம். ஊரிலேயே தங்கி, அதன் தண்ணீரையும் கூட்டுறவையும் கட்டிக்காத்தவன் அவன். உலகம் மாறவில்லை, பெண்ணுக்கு ஆண் காவலன் என்பது மாறவில்லை என்கிற அவன் பார்வை கொடுமையானது. ஆனால் நீ எங்கே இருந்தாய் என்று கேட்கும் தகுதி அவனுக்கு இருக்கிறது. கதைசொல்லியிடம் பதில் இல்லை, கை மட்டும் நண்பனின் கழுத்துக்குப் போகிறது.

ஆறாம் படி: பூட்டிய அறை

முஸ்தபா தன் வீட்டில் செங்கல்லால் ஓர் அறை கட்டிப் பூட்டி வைத்திருந்தான், சாவி கதைசொல்லியிடம். ஹுஸ்னாவின் சாவுக்குப் பிறகே அவன் அதைத் திறக்கிறான். உள்ளே கணப்பு அடுப்போடு ஓர் ஆங்கிலப் படிப்பறை. சூடானின் வெயிலில் கணப்பு! சுவர் முழுக்கப் புத்தகங்கள், ஓர் அரபு நூல்கூட இல்லை, குர்ஆன்கூட ஆங்கிலத்தில். இருட்டில் வெறுப்போடு தன்னை உற்றுப் பார்க்கும் முகம் ஒன்றைக் கண்டு, முஸ்தபா என்று எண்ணி நெருங்குகிறான். அது கண்ணாடியில் தெரிந்த அவன் முகம். இரட்டையர் உருவகம் இங்கே சற்று வெளிப்படையாகிவிடுகிறது என்பது என் குறை. சாலிஹ் மற்ற இடங்களில் இதைவிட அடக்கமாக எழுதுகிறார்.

அறையில் முக்கியமானது ஒரு குறிப்பேடு. முஸ்தபா தன் வாழ்க்கை வரலாறு என்று தலைப்பிட்டு, ஒரே கண்ணால் பார்ப்பவர்களுக்கும் ஒரே நாவால் பேசுபவர்களுக்கும் எல்லாவற்றையும் கறுப்பு அல்லது வெள்ளை, கிழக்கு அல்லது மேற்கு என்று காண்பவர்களுக்கும் அதைக் காணிக்கையாக்கியிருக்கிறான். அடுத்த பக்கங்கள் வெறுமை. அடையாளத்தைப் பற்றி நாவல் தரும் மிக நேரடியான கூற்று இந்த எழுதப்படாத பக்கங்கள்தான். ஒற்றைக் கண்ணர்களுக்கு எழுத வேண்டுமானால் எழுதுவதற்கு எதுவும் இருக்காது என்று கொள்ளலாம். கிழக்கும் மேற்கும் என்ற இரண்டு வேடங்களையும் கழற்றினால் அவனிடம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்றும் கொள்ளலாம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.

ஏழாம் படி: ஆற்றில் இறங்குங்கள்

அந்த அறையை எரித்துவிட நினைத்தவன் எரிக்கவில்லை. விடியலில் நைலில் இறங்கி நீந்துகிறான். ஆற்றின் திசையை நினைவில் வையுங்கள்: தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நைல், நாவலின் ஊரருகே செங்குத்தாய்த் திரும்பி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதனால் அவன் நீந்துவது தென்கரையிலிருந்து வடகரைக்கு. நடு ஆற்றில் கை ஓய்கிறது. வடக்கும் தெற்கும் சமதூரம். முன்னே போகவும் முடியவில்லை, பின்னே வரவும் முடியவில்லை. மேலே பறவைக் கூட்டம் வடக்கே போகிறது. இது வலசையா, வேனிலா, குளிர்காலமா என்று மூழ்கிக்கொண்டே யோசிக்கிறான். இழுத்துப் போகும் நீருக்கு உடன்பட்டுவிடலாம் என்ற நிலையில், திடீரென்று ஒரு சிகரெட்டுக்கு ஆசை வருகிறது. நாவலின் இத்தனை கனத்த கேள்விகளுக்கும் நடுவே ஒரு மனிதனைக் கரையை நோக்கித் திருப்பும் முதல் பொருள் ஒரு சிகரெட்! சாகாமல் வாழ்வது என்று வாழ்க்கையில் முதன்முறையாகத் தானே முடிவெடுக்கிறான். தான் நேசிக்கும் சிலர் இருக்கிறார்கள், செய்து முடிக்க வேண்டிய கடமைகள் இருக்கின்றன, வாழ்க்கைக்குப் பொருள் உண்டா இல்லையா என்பது தனக்குப் பொருட்டல்ல என்கிறான். மேடையில் கத்தும் கோமாளி நடிகனைப் போல, எஞ்சிய பலம் எல்லாம் சேர்த்துக் கூவுகிறான். நாவலின் கடைசிச் சொல் ‘அந்நஜ்தா’: உதவி.

காப்பாற்றப்பட்டானா என்று வகுப்பறைகளில் கேட்பார்கள். பதிலுக்காகக் கடைசிப் பக்கத்தைக் குடைய வேண்டாம். பென்சில் குறிப்பைத் தேடி முதல் பக்கத்துக்கு வாருங்கள். ‘திரும்பினேன்’ என்று தொடங்கி ‘உதவி’ என்று முடியும் இந்தக் கதையை அவன் யாரோ பெரியோர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் ஆற்றிலிருந்து யாரோ அவனை இழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஹுஸ்னா அந்த இருட்டில் கேட்டபோது அவன் கொடுக்காத ஒன்றை, அவன் கூவியபோது கரையில் இருந்த யாரோ கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கரை வடகரையா தென்கரையா என்பதை மட்டும் அவன் கடைசிவரை சொல்லவில்லை.